கேமரன் மலைக்குச் சைக்கிள் பயணம்: தூரத்தை அல்ல, இரவுகளை எண்ணுங்கள்

"சைக்கிளிலேயே கேமரன் மலைக்குப் போகப் போகிறோம்" என்று பிள்ளைகள் வீட்டில் சொன்னால், அம்மாவின் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி, "ராத்திரிக்கு எங்கேப்பா தங்குவீங்க?" என்பதாகத்தான் இருக்கும். இளைஞர்களுக்கு அது பழைய காலத்துக் கவலையாகத் தோன்றலாம். அவர்கள் மனத்தில் ஓடுவதெல்லாம் எத்தனை கிலோமீட்டர், என்ன சைக்கிள், எத்தனை கியர் என்ற கணக்குகள்தான். ஆனால், நெடும்பயணம் போய்ப் பழகியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அம்மாவின் பக்கம்தான் நிற்பார்கள். முதலில் இரவு எங்கே என்று முடிவாக வேண்டும். பகலில் எவ்வளவு தூரம் மிதிப்பது என்பது அதற்குப் பிறகு தானாகவே அமைந்துவிடும்.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கோலாலம்பூரிலிருந்து தானா ராத்தாவுக்குக் கார் வைத்திருப்பவர் ஒரே காலையில் போய்விடுவார். அதே மனக்கணக்கோடு சைக்கிளில் கிளம்புகிறவர், மூன்றாம் நாள் மாலை ஆறு மணிக்கு, மழையில் நனைந்து, மூடுபனியில் விளக்கில்லாமல், ரிங்லெட்டுக்குக் கீழே ஏதோ ஒரு வளைவில் நின்றுகொண்டிருப்பார். பின்னால் காய்கறி லோரி வரும். கைப்பேசியில் சிக்னல் இருக்காது. மலைச் சாலையில் நேரும் ஆபத்துகளில் பெரும்பகுதி இப்படி நேரம் தப்பிப் போவதால் வருபவைதான்.

சாலையைப் பற்றி முதலில் தெரிந்துகொள்வோம். நெடுஞ்சாலைகளில், அதாவது கட்டணம் செலுத்திப் போகும் விரைவுச் சாலைகளில், சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. ஆகவே கோலாலம்பூரிலிருந்து வடக்கே போக இருப்பது பழைய ஒன்றாம் எண் கூட்டரசு சாலைதான். ரவாங், செரண்டா, பத்தாங் காலி, கோல குபு பாரு, தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், சுங்காய், பீடோர், தாப்பா என்று ஊர் ஊராக அது போகிறது. சைக்கிள் பயணிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சில கிலோமீட்டருக்கு ஒரு சாப்பாட்டுக் கடை, ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறை, ஒரு கோயில், ஒரு காவல் நிலையம் வந்துகொண்டே இருக்கும்.

இந்தச் சாலைக்கும் சைக்கிளுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு, கசப்பான உறவு. 1941 டிசம்பரில் மலாயாவுக்குள் இறங்கிய ஜப்பானியப் படையினர் ஆயிரக்கணக்கில் சைக்கிள் மிதித்துத்தான் தெற்கே வந்தார்கள். பல இடங்களில் அவை உள்ளூர்வாசிகளிடமிருந்து பறித்த சைக்கிள்கள். டயர் வெடித்தால் ஒட்டிக்கொண்டு உட்காரவில்லை. வெறும் இரும்பு வளையத்திலேயே மிதித்துப் போனார்கள். 1942 ஜனவரி 7-இல் சிலிம் ரிவர் சண்டையில் பிரிட்டிஷ் தரப்பு முறிந்துபோனது. இன்று அதே ஊரில் ஒருவர் நிழலில் சைக்கிளைச் சாத்திவிட்டுத் தேநீர் குடிக்கும்போது இதை நினைத்துக்கொள்வது தவறில்லை.

இனி இரவுகளுக்கு வருவோம். கோலாலம்பூரிலிருந்து தஞ்சோங் மாலிம் சுமார் 80 கிலோமீட்டர். அங்கிருந்து தாப்பா ஏறத்தாழ 75 கிலோமீட்டர். தாப்பாவிலிருந்து தானா ராத்தா சுமார் 60 கிலோமீட்டர். உடம்பில் தெம்பிருக்கிறவர்கள் முதல் இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாமே என்பார்கள். முடியும். ஆனால் மறுநாள்தான் மலை. முதல் நாள் 155 கிலோமீட்டர் மிதித்த கால்கள் மறுநாள் காலையில் ஏற்றத்தைப் பார்த்ததும் கெஞ்ச ஆரம்பித்துவிடும். முதல் இரவு தஞ்சோங் மாலிம், இரண்டாம் இரவு தாப்பா என்று பிரித்துக்கொள்வதே புத்திசாலித்தனம். தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருப்பதால் பட்டமளிப்பு விழாக் காலங்களில் தங்கும் அறைகள் கிடைப்பது கடினம். அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது.

அறை பதிவு செய்யும்போது விலையை மட்டும் கேட்காமல் சைக்கிளை எங்கே வைப்பது என்றும் கேளுங்கள். இதைக் கேட்க மறந்துவிட்டுப் பின்னர் வருந்துகிறவர்களே அதிகம். மாடிப் படியேறி அறைக்குள் கொண்டுபோக விடுவார்களா, அல்லது கீழே பூட்டக்கூடிய இடம் இருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் வேறு விடுதி பார்ப்பதே நல்லது. கோயில் மண்டபத்தில் படுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் நம்மவர்களிடம் உண்டு. அது நல்ல வழக்கம்தான். ஆனால் நிர்வாகக் குழுவினரிடம் முன்கூட்டியே பேசி, அவர்கள் சரி என்று சொன்ன பிறகே அதை நம்ப வேண்டும். இரவு எட்டு மணிக்குப் போய்க் கதவைத் தட்டுவது அவர்களுக்கும் சங்கடம், பயணிக்கும் சங்கடம். சைக்கிள் பயணிகளுக்குச் சைக்கிள் பயணிகளே வீட்டில் இடம் தரும் 'வார்ம் ஷவர்ஸ்' என்ற உலகளாவிய ஏற்பாடு ஒன்று 1993-லிருந்து இருக்கிறது. வெளிநாட்டுப் பயணிகள் பலர் இதைத்தான் நம்பி வருகிறார்கள். நம் வட்டாரத்தில் அதைவிடச் சொந்தக்காரர்கள் கூடுதலாகக் கைகொடுப்பார்கள். தாப்பாவிலோ பீடோரிலோ ஒரு சித்தப்பாவோ அத்தையோ இல்லாத தமிழ்க் குடும்பம் குறைவு.

மூன்றாம் நாள்தான் இந்தப் பயணத்தின் உயிர்நாடி. அதற்குச் சற்று நேரம் ஒதுக்கித் திட்டமிட வேண்டும்.

தாப்பா கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே இருக்கிறது. தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 60 கிலோமீட்டரில் சுமார் 1,400 மீட்டர் ஏற்றம் என்றால், சராசரியாக 100 மீட்டர் தூரத்துக்கு இரண்டரை மீட்டர்கூட ஆகவில்லை. கெந்திங் மலையைப் போல மூச்சை அடைக்கும் செங்குத்து அல்ல இது. ஆனால், முடிவில்லாமல் வளைந்து வளைந்து போகும். ஒரு வளைவு முடிந்தால் அடுத்த வளைவு. கால் வலிப்பதற்கு முன்பே மனம் சலித்துப்போகும். சுமையோடு போகிறவர் இந்த ஏற்றத்தில் மணிக்கு எட்டிலிருந்து பத்து கிலோமீட்டர் போனாலே நன்று. அப்படியென்றால் மிதிக்க மட்டும் ஆறிலிருந்து எட்டு மணி நேரம். ஓய்வு, சாப்பாடு, ஒரு பஞ்சர் ஆகியவற்றைச் சேர்த்தால் ஒன்பது, பத்து மணி நேரம் ஆகிவிடும்.

இப்போது கடிகாரத்தைப் பாருங்கள். தீபகற்ப மலேசியாவில் 1982 ஜனவரி முதல் நாள் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தோம். அதனால் நமக்கு வெளிச்சம் வரவே காலை ஏழு மணிக்கு மேல் ஆகிவிடுகிறது. மாலையிலோ ஏழரைக்குள் இருட்டிவிடும். மலையில் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு மேல் மழை பிடிப்பது சகஜம். ஆக, காலை ஏழு மணிக்குத் தாப்பாவில் புறப்பட்டாலும் தானா ராத்தாவைத் தொட்டுவிடலாம் என்று எல்லோராலும் உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் அனுபவசாலிகள் மூன்றாம் இரவை ரிங்லெட்டில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். தாப்பாவிலிருந்து ரிங்லெட் சுமார் 46 கிலோமீட்டர். அங்கே வந்து சேர்ந்தால் 1,100 மீட்டருக்கு மேல் ஏறியாகிவிட்டது, ஏற்றத்தில் நான்கில் மூன்று பங்கு முடிந்தது என்று பொருள். மிச்சம் 13 கிலோமீட்டர்தான். அதை மறுநாள் காலைக் குளிரில் பாடிக்கொண்டே ஏறலாம்.

வழியில் லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சி வரும். தாப்பாவிலிருந்து ஏறத்தாழ 24 கிலோமீட்டர். சாலையோரத்திலேயே கடைகள் இருக்கும். பூர்வகுடி மக்கள் பெத்தாயும் தேனும் வைத்து விற்பார்கள். அங்கே ஒரு முடிவெடுக்க வேண்டும். அந்த இடத்தை அடையும்போது மணி 11-ஐத் தாண்டிவிட்டால், அல்லது குழுவில் ஒருவர் களைத்துப்போயிருந்தால், அன்றைக்குத் தானா ராத்தா வேண்டாம், ரிங்லெட் போதும் என்று அங்கேயே பேசி முடித்துவிட வேண்டும். மதியம் ஒரு மணியாகிவிட்டால் ரிங்லெட்டும் வேண்டாம். தாப்பாவுக்கே திரும்பிவிடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மலை அடுத்த வாரமும் அங்கேயேதான் இருக்கும். நீர்வீழ்ச்சிக்கு மேலே ரிங்லெட் வரை கடைகள் மிகவும் குறைவு. தண்ணீர்ப் போத்தல்களை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். வெயிலில் ஏறும்போது மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீராக அல்லாமல் சிட்டிகை உப்பும் சர்க்கரையும் கலந்து குடிப்பது நல்லது.

சைக்கிளைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. விலை உயர்ந்தது வேண்டும் என்பதில்லை. முன்னால் சிறிய பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம், அதாவது மிகவும் இலேசான கியர் இருக்க வேண்டும். சற்று அகலமான டயர் போதும். பை முதுகில் இருக்கக் கூடாது. பின் கேரியரின் இரு பக்கமும் தொங்க வேண்டும். மொத்தச் சுமை பத்து கிலோவுக்குள் அடங்கினால் நல்லது. கூடுதல் டியூப் இரண்டு, பம்ப், டயர் கழற்றும் கருவி, சங்கிலி கோக்கும் கருவி, முன் விளக்கு, பின் விளக்கு ஆகியவை அவசியம். கோலாலம்பூர் வெயிலில் கிளம்பும்போது கம்பளிச் சட்டை எதற்கு என்று தோன்றும். கேமரன் மலையில் இரவு வெப்பம் 15 பாகை அளவுக்கு இறங்கும். நனைந்த சட்டையோடு காற்றில் இறங்கும்போது அந்த 15 பாகை எலும்புக்குள் போகும்.

பிரேக் மட்டும் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. 2017 பிப்ரவரி 18-ஆம் தேதி அதிகாலை ஜொகூர் பாருவில், மாற்றியமைக்கப்பட்ட சைக்கிள்களில் சாலையில் இருந்த எட்டுப் பதின்ம வயதுப் பிள்ளைகள் கார் மோதி மாண்டார்கள். அதன் பிறகு "சைக்கிள்" என்ற சொல்லைக் கேட்டாலே பெற்றோர் பதறுகிறார்கள். அந்தப் பதற்றத்தைக் குறை சொல்ல முடியாது. நெடும்பயணம் போகும் இளைஞர் தம் சைக்கிளில் இரண்டு பிரேக்கும் விளக்கும் சரியாக இருப்பதை அப்பாவிடம் காட்டிவிட்டுப் போகட்டும். வாக்குவாதத்தைவிட அது நன்றாக வேலை செய்யும்.

பயிற்சி இல்லாமல் இறங்கக் கூடாது என்பது சொல்லாமலே விளங்கும். தலைநகர வட்டாரத்தில் இருப்பவர்களுக்குப் பழைய கோம்பாக் சாலை வழியாகக் கெந்திங் செம்பா வரை ஏறுவது நல்ல ஒத்திகை. வார இறுதிக் காலைகளில் அங்கே சைக்கிளோட்டிகளைப் பார்க்கலாம். பயணத்துக்குக் கட்டப் போகும் அதே பைகளைக் கட்டிக்கொண்டு ஏறிப் பார்க்க வேண்டும். சுமையில்லாமல் ஏறிப் பார்ப்பது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது.

எந்த மாதம் போவது? அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை கடுமை. ஏப்ரல், மே மாதங்களிலும் பிற்பகல் மழை அடிக்கடி வரும். ஆண்டுத் தொடக்க வாரங்களும் ஜூன், ஜூலையும் ஒப்பிட்டால் பரவாயில்லை. இது சுகம் சார்ந்த விஷயம் மட்டும் அல்ல. 2013 அக்டோபர் 23-ஆம் தேதி, கனத்த மழையைத் தொடர்ந்து ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பலியாயின. 2014 நவம்பரிலும் மண் சரிவும் சேற்று வெள்ளமும் அதே வட்டாரத்தைத் தாக்கின. மலைச்சரிவில் புதிதாகச் சிவப்பு மண் வழிவதைக் கண்டால், அல்லது சாலையில் கற்கள் உதிர்ந்து கிடந்தால், அங்கே நின்று படம் எடுக்காதீர்கள். ஆற்றோரத்தில் கூடாரம் போடும் எண்ணமே வேண்டாம்.

பள்ளி விடுமுறையும் நீண்ட வார இறுதிகளும் வேறொரு தொல்லை. பிரிஞ்சாங்கிலிருந்து கியா ஃபார்ம் வரை கார்கள் அசையாமல் நிற்கும். சைக்கிள் இடுக்கில் புகுந்து போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் புகை முழுவதும் நுரையீரலுக்குள் போகும். அறை வாடகையும் ஏறிவிடும். முடிந்தால் வேலை நாள்களில் மலையில் இருக்குமாறு அமைத்துக்கொள்ளுங்கள்.

தானா ராத்தாவில் குறைந்தது இரண்டு இரவுகள் தங்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டு ஏறியது தேயிலைத் தோட்டத்தைப் பார்க்கத்தானே. 1885-இல் இந்த மலைப்பகுதியை அளக்க வந்த வில்லியம் கேமரனின் பெயர் மலைக்கு ஒட்டிக்கொண்டது. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தோட்டம் வந்தது. கோவேறு கழுதைகள் சுமை இழுத்த அந்தக் காலத்தில் காட்டை வெட்டிச் செடி நட்டவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். இன்று கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். கைக்குப் பதிலாகப் பல இடங்களில் கத்தரிக்கோலும் இயந்திரமும் வந்துவிட்டன. தமிழ்க் குடும்பங்கள் பல நகரத்துக்கு இறங்கிவிட்டன. ஆனாலும் ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. பிரிஞ்சாங்கில் தெண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. பாட்டி கொழுந்து எடுத்த தோட்டத்தைப் பேரப்பிள்ளை சைக்கிளில் தேடி வருவது இப்போது நடக்கக்கூடிய காரியம். அப்படி வருகிறவர் பாட்டியிடம் பழைய டிவிஷன் எண்ணையும் மண்டோர் பெயரையும் முன்பே கேட்டுக் குறித்துக்கொண்டு வரட்டும். அங்கே வாழும் பெரியவர்களிடம் பேச்சைத் தொடங்க அது ஒன்று போதும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. தோட்டச் சாலைகள் பொதுச் சாலைகள் அல்ல. பார்வையாளர்களுக்கென்று திறந்துவிடப்பட்ட தேநீர் நிலையங்களுக்குத் தாராளமாகப் போகலாம். அவற்றுக்கு வார விடுமுறை நாள் உண்டு என்பதால் முதலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும். அதைத் தாண்டி உள்ளே போவதென்றால் காவலரிடம், "அண்ணே, லயத்துப் பக்கம் போய் வரலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் திரும்பிவிட வேண்டும். வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுப்பதும், செடி வரிசைக்குள் சைக்கிளை இறக்குவதும் அநாகரிகம்.

சுங்கை பாலாஸ் பக்கமாகப் பிரிஞ்சாங் மலை உச்சிக்குப் போகும் சாலை குறுகலானது, செங்குத்தானது. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். பைகளை அறையில் விட்டுவிட்டு வெறும் சைக்கிளில் காலையிலேயே போக வேண்டும். உச்சியில் உள்ள பாசிக்காட்டுக்குள் நுழைய நிபந்தனைகள் அவ்வப்போது மாறுவதால் தானா ராத்தாவிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. தனியாகக் காட்டுப் பாதையில் நடக்கப் போகாதீர்கள். தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் புகழ்பெற்ற ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26-ஆம் தேதி தானா ராத்தாவில் தங்கியிருந்த பங்களாவிலிருந்து வெளியே போனவர், பெரிய தேடுதல் நடத்தியும் இன்றுவரை கிடைக்கவில்லை.

போட்டி வீரர்களோடு ஒப்பிட்டுக்கொள்ளவும் வேண்டாம். 1996-இல் தொடங்கிய லங்காவி சைக்கிளோட்டப் போட்டி 2013-இல் கேமரன் மலைக்கு ஏறியது. அன்றைய ஓட்டத்தில் சீனாவின் வாங் மெய்யின் வென்றார். அவர்களுக்குப் பின்னால் கார் வரும், மெக்கானிக் வருவார், மருத்துவர் வருவார். நமக்குப் பின்னால் வருவது நம் பை மட்டும்தான். ஆகவே சிலிம் ரிவர், தாப்பா, தானா ராத்தா ஆகிய மூன்று ஊர்களிலும் அரசாங்க மருத்துவமனை இருப்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இரவும் எங்கே தங்குகிறோம், எத்தனை மணிக்குள் போய்ச் சேருவோம் என்று எழுதிய தாள் ஒன்று வீட்டில் இருக்கட்டும். சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் அழைப்பு வரவில்லையென்றால் வீட்டார் முதலில் அந்த விடுதிக்கு அழைக்க வேண்டும், பிறகு 999.

திரும்பும் வழிக்கு இரண்டு வாய்ப்புகள் உண்டு. ஏறி வந்த தாப்பா சாலையிலேயே இறங்கலாம். அல்லது கம்போங் ராஜா வழியாகச் சிம்பாங் பூலாய்க்கு இறங்கி ஈப்போவுக்குப் போகலாம். இரண்டாவது சாலை அகலமானது, வளைவுகள் குறைவு. ஆகையால் வாகனங்களும் வேகமாக வரும். தானா ராத்தாவிலிருந்து ஈப்போ ஏறத்தாழ 90 கிலோமீட்டர். முழுவதும் இறக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. இடையிடையே ஏற்றம் வரும். கடைகளும் குறைவு. சிம்பாங் பூலாயை நெருங்கும்போது கல்லுடைக்கும் இடங்களிலிருந்து லோரிகள் வரும். சாலையில் மணல் சிந்திக் கிடக்கும்.

ஏறும்போது உடம்புதான் தோற்கும். இறங்கும்போது தவறினால் உயிருக்கே ஆபத்து. 2010 டிசம்பர் 20-ஆம் தேதி இதே சிம்பாங் பூலாய் சாலையில் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த சுற்றுலாப் பேருந்து கவிழ்ந்து 25-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் தாய்லாந்துப் பயணிகள். சைக்கிளோட்டி பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்கினால் சக்கர வளையம் சூடேறி டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே இரு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிட வேண்டும். பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று வளையத்தைத் தொடாமல் கை அருகே வைத்துப் பாருங்கள். அனல் அடித்தால் ஆறும் வரை நில்லுங்கள். மூடுபனி இருந்தால் அது விலகும் வரை புறப்படவே வேண்டாம். மழை பெய்தால் அன்றிரவும் மலையிலேயே தங்கிவிடலாம். அதற்காகத்தான் திட்டத்தில் ஓர் இரவைக் கூடுதலாக, காலியாக வைத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்பியே ஆக வேண்டும், திங்கட்கிழமை வேலை என்று கட்டாயம் இருப்பவர்தான் மழையிலும் இறங்குவார்.

ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு இரயில் இருக்கிறது. மடக்கு சைக்கிளுக்கும் முழு சைக்கிளுக்கும் விதிமுறை ஒன்றல்ல. ஒரு வகை வண்டியில் ஏற்றுவதை இன்னொன்றில் ஏற்ற மாட்டார்கள். எனவே சக்கரத்தைக் கழற்றிப் பையில் போட்டால் ஏற்றுவார்களா என்பதைப் பயணத்துக்கு முன்பே நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ற பெரிய பையையும் மடித்து எடுத்துச் செல்ல வேண்டும். விடுமுறை முடியும் மாலைகளில் டிக்கெட் முன்னரே தீர்ந்துவிடும். ஒரு நாள் தள்ளி வாங்கிக்கொண்டு, ஐந்தாம் இரவையோ ஆறாம் இரவையோ ஈப்போவில் கழிப்பவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.